சனிக்கிழமை மாலைக் கணக்கு



அரசுப் பேருந்தில் 29 ஆண்டுகள் நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் பங்கில் உண்டு. சென்ற ஆண்டில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், அவர் நம் அறை வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அவர் முகத்தில் காணும் மலர்ச்சி அன்று இல்லை.

"சாமி, என் மகள் வேலையை விட்டுவிடுவாள் போலிருக்கிறது. நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

அம்மகளை நாம் நன்கு அறிவோம். இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவள். படிப்புக்கேற்ற வேலை வாய்க்காமையால், சில மாதங்கள் கணிப்பொறிப் பயிற்சி பெற்று, சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதில் தேறினால்தான் வேலை நிலைக்கும், சம்பளமும் உயரும். கல்விக் கடனோ இன்னும் தீர்ந்தபாடில்லை. தந்தையின் ஓய்வூதியத்தில் வீடும் நடந்து, வங்கிக் கடனும் அடைபட வேண்டும். பெரியவரின் கலக்கம் நியாயமானதே.

அன்று மாலை மகளும் வந்தாள். நாம் அறிவுரை கூற வாயெடுக்கு முன்னரே, பையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சாமி, வேலையில் சேர்ந்த நாள் முதல் சனிக்கிழமை தோறும் இதில் எழுதி வருகிறேன். அந்த வாரம் எதைக் கற்றேன், அடுத்த வாரம் எதைக் கற்க வேண்டும் என்று. மொத்தம் பதினொரு பக்கம் இருக்கிறது. படித்துவிட்டு, இந்த வேலைக்கு நான் ஏற்றவளா என்று நீங்களே சொல்லுங்கள்."

"கணிப்பொறியைப் பற்றி எனக்கு என்ன தெரியுமம்மா?" என்றோம்.

"கணிப்பொறியைப் பற்றித் தெரிய வேண்டாம், சாமி. என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்."

அன்றிரவு அந்நோட்டுப் புத்தகத்தை முழுதும் படித்தோம். அதில் கண்டவற்றை, அவளுடைய இசைவு பெற்றே இங்கு எழுதுகிறோம். இன்று நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இத்தொழிலுக்குச் செல்கின்றனர். அவர்கள் மாதந்தோறும் கொணரும் சம்பளத்தைப் பெற்றோர் அறிவர். வாரந்தோறும் அவர்கள் உள்ளத்தில் நடப்பதை அறிவது அரிது.

மூன்று வாரம் ஒரே பட்டியல்

முதல் பக்கம் மிக அழகான கையெழுத்தில் இருந்தது. மூன்று மாதத்திற்குள் எய்த வேண்டிய குறிக்கோள்கள் என்று பத்து வரிகள். ஜாவா என்னும் கணிப்பொறி மொழியை முழுவதும் கற்பது முதல் வரி. தரவுத்தளம் அனைத்தையும் அறிவது இரண்டாம் வரி. இவ்வாறே பத்தும். இரண்டாம் வாரத்தில் அதே பட்டியல் சற்றுச் சுருக்கமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் மீண்டும் அதே பட்டியல், அடியில் மட்டும், "ஒன்றும் முடியவில்லை. எல்லாரும் என்னைவிட அறிந்தவர்கள்" என்று ஒரு வரி கூடியிருந்தது.

இப்பட்டியலில் குறை யாது? ஆசை பெரிதென்பது குறையன்று. இளமையில் ஆசை பெரிதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு மொழியை "முழுவதும் கற்பது" என்றைக்கு முடியும்? முடிந்ததென்று எவ்வாறு அறிவது? முடிவு தெரியாத குறிக்கோள், வாரந்தோறும் நம்மைத் தோற்றவராகவே காட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இத்தகைய பட்டியலுக்கும் பொருந்தும்.

நான்காம் பக்கத்தில்தான் மாற்றம் தொடங்குகிறது. அதில் குறிக்கோள் ஒன்றே ஒன்று: "கடையின் பொருள் பட்டியலைத் திரையில் வரிசையாகக் காட்டும் சிறு நிரலை, யாரையும் கேளாமல் நானே எழுதி, அடுத்த சனிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டுவேன்." இது நடந்ததா இல்லையா என்று ஒரு குழந்தையும் சொல்லிவிடலாம். அன்று முதல் அந்நோட்டுக்கு உயிர் வந்தது.

பூச்சியத்திலிருந்து எண்ணுதல்

ஐந்தாம் பக்கத்தில் ஒரு பிழையின் கதை இருந்தது. பத்துப் பொருள்கள் கொண்ட பட்டியலை ஒன்று முதல் பத்து வரை எடுத்துக் காட்டுமாறு அவள் எழுதினாள். நிரல் பாதியில் நின்றது. பட்டியலின் நீளம் பத்து, ஆனால் பத்தாம் எண் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பது கணிப்பொறி தந்த பிழைச் செய்தி. இரண்டு மணி நேரம் அதன் முன் அமர்ந்திருந்து அழுததாக எழுதியிருக்கிறாள்.

உண்மை இதுதான். ஜாவா போன்ற மொழிகளில் பட்டியலின் முதற் பொருளுக்கு எண் ஒன்றன்று, பூச்சியம். ஆகவே பத்துப் பொருள்களின் எண்கள் 0 முதல் 9 வரை. பத்தாம் எண்ணில் எதுவும் இல்லை. இல்லாததைக் கேட்டால் இயந்திரம் என்ன செய்யும்?

இதை வீட்டில் சொன்னபோது தந்தை சிரித்தாராம். "இதற்கா அழுதாய்? என் டிக்கெட்டுக் கட்டை எடுத்துக்கொள். 00 என்ற எண்ணில் தொடங்கினால் 99இல் முடியும். ஆனால் டிக்கெட்டு நூறு. வேபில்லில் தொடக்க எண்ணை எழுதுவோம். பயணம் முடிந்தபின் கிழிக்காமல் மேலே நிற்கும் டிக்கெட்டின் எண்ணை எழுதுவோம். இதிலிருந்து அதைக் கழித்தால் விற்ற டிக்கெட்டு. ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

இதை அவள் அப்படியே எழுதி, அடியில் கோடிட்டிருந்தாள். கல்லூரிப் படியேறாத தந்தையின் வேபில், மகளின் கணிப்பொறிக்கு விளக்கமாயிற்று. குடும்பத்தாரே, நம் பிள்ளைகளின் தொழில் நமக்கு எட்டாதது என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க ஒருவர் இருந்தால் போதும். பாதிச் சிக்கல் சொல்லும்போதே அவிழ்ந்துவிடும். இத்தொழிலில் இதை நன்கறிந்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்னும் இருவர் எழுதிய நூலொன்று, மேசைமேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, அதனிடம் தன் நிரலை வரிவரியாக விளக்கும் வழக்கத்தைப் பரப்பியது. வாத்து விடை சொல்லாது. விளக்குகிறவனுக்கே தன் பிழை தெரிந்துவிடும். பொம்மைக்கே இவ்வளவு பயன் உண்டெனில், செவிமடுக்கும் தாய் தந்தையரால் எவ்வளவு பயன் விளையும்!

ஏழாம் பக்கத்தில் இன்னொரு பிழை. பத்துக் காசையும் இருபது காசையும் கூட்டினால் முப்பது காசு. அதையே ரூபாயாக்கி, 0.1உடன் 0.2ஐக் கூட்டச் சொன்னாள். கணிப்பொறி தந்த விடை 0.30000000000000004. இயந்திரம் பழுதோ என்று அவள் ஐயுற்றாள். பழுதில்லை. ஒன்றை மூன்றால் வகுத்தால் நாம் 0.333 என்று முடிவின்றி எழுதிக்கொண்டே போக வேண்டும் அல்லவா? அதுபோல், 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எண்ணும் இயந்திரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு முடிவற்ற எண். எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே பணக் கணக்கை ரூபாய்ப் பின்னமாக வைக்காமல், காசுகளாக முழு எண்ணில் வைப்பது நல்ல வழிகளுள் ஒன்று. "இனி எந்தப் பில்லிலும் இதை மறவேன்" என்று எழுதியிருந்தாள். முதல் பக்கத்துப் பத்து வரிகளைவிட இந்த ஒரு வரி பெரிது என்று நாம் எண்ணினோம்.

முன்னோடிகளும் பிழை எழுதினர்

தான் மட்டுமே பிழை செய்பவள் என்பதுதான் அவளை வாட்டிய எண்ணம். இத்தொழிலின் முன்னோரைப் பற்றி நாம் தேடிப் படித்தபோது, கதை வேறு விதமாக இருந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தலைமையில் உருவான 'எட்சாக்' கணிப்பொறி, 1949 மே 6ஆம் நாள் முதன்முதலாகத் தன் நிரலை ஓட்டிக் காட்டியது. அடுத்த சில வாரங்களில், மாடிப்படியில் ஏறிச் செல்லும்போது, தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்னும் உண்மை தமக்குத் திடீரென உறைத்ததாக, பிற்காலத்துத் தம் நினைவுகளில் அவர் குறிப்பிட்டார். இயந்திரத்தைப் படைத்தவருக்கே அந்நிலை!

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறியில் பணியாற்றியவர்கள், 1947 செப்டம்பர் 9ஆம் நாள் இயந்திரத்தினுள் சிக்கிய விட்டில் ஒன்றைக் கண்டெடுத்தனர். அதை எறிந்துவிடவில்லை. நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தனர். அப்பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்ந்தது டானல்டு கனூத் என்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரின் செயல். நிரல் எழுதும் கலை பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்குச் சென்றபோது, அச்சுப்படி அழகின்றி இருப்பதை 1977இல் கண்டு மனம் நொந்து, அச்சுக் கோப்பதற்கென ஒரு மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். 'டெக்' என்பது அதன் பெயர். கணித நூல்களை அச்சிட இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஓராண்டுக்குள் முடியும் என எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று.

1978இல் அந்நிரலை முதன்முதலாகச் சோதித்த நாள் தொட்டு, தாம் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் கனூத் வரிசையாகக் குறித்து வைத்தார். பத்தாண்டுகளில் 850க்கு மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. அவற்றைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். மறதியால் வந்தவை ஒரு வகை. கைதவறித் தட்டியவை ஒரு வகை. எண்ணிப் பாராத விளைவால் திகைக்க வைத்தவை ஒரு வகை. வெறும் மடத்தனத்தால் நேர்ந்தவை என்றும் ஒரு வகை. 1989இல், புகழின் உச்சியில் இருந்தபோது, அப்பட்டியல் முழுவதையும் ஓர் ஆய்விதழில் அச்சிட்டு உலகறியச் செய்தார். பெரியோர் தம் வெற்றிகளைத் தொகுத்து வெளியிடுவது வழக்கம். இவர் தம் பிழைகளைத் தொகுத்தார். பின்வந்தோர் அதிலிருந்து கற்றனர்.

பதினோராம் பக்கம்

இனி அந்நோட்டின் கடைசிப் பக்கத்திற்கு வருவோம். பெரியவரை நம்மிடம் வரச்செய்தது அதுவே.

ஒன்பதாம் வாரத்தில் அவளுக்குப் பெரிய பணியொன்று தரப்பட்டது. கடைக்காரர்களுக்கான பில் மென்பொருளில், வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்தால் தள்ளுபடியைக் கழித்து எவ்வளவு பணம் திரும்பத் தர வேண்டும் என்று கணக்கிடும் பகுதி. அவளுக்கு வழி தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். இக்காலத்தில் கேட்டதற்கெல்லாம் நொடியில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உள்ளன. அவள் கேட்டாள், அது எழுதித் தந்தது, அவள் ஒட்டினாள், ஓடியது. பத்தாம் வாரத்தில் அனைவர் முன்னும் பாராட்டுக் கிடைத்தது. அந்த வாரப் பக்கத்தில், கற்றது என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் தொடங்கி, மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

பதினோராம் பக்கத்தில் இருந்தது இவ்வளவே:

"இரண்டு வாரமாக நான் ஒன்றும் கற்கவில்லை. பாராட்டுப் பெற்ற நிரலில் பாதி எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை அதில் ஒரு மாற்றம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் இந்த வேலைக்கு ஏற்றவள் அல்ல."

அந்நிறுவனம் அக்கருவியைப் பயன்படுத்தத் தடை விதித்திருக்கவில்லை. மூத்தவர்களும் பயன்படுத்துகின்றனர். ஆகவே கருவியைத் தொட்டது குற்றமன்று. புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொண்டதே அவள் நெஞ்சை அறுத்தது. அலுவலகத்தில் எல்லா ஏடுகளும் அவளுக்குச் சாதகமாகவே சாட்சி கூறின. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருளை இன்று நிரல் எழுதுவோர் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். யார், எந்நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதை அது பிசகாமல் பதிவு செய்கிறது. அதில் அந்நிரல் அவள் பெயரிலேயே பதிவாகியிருந்தது. பணி முடிந்தது என்று அது சொல்லும். எழுதியவருக்கு விளங்கியதா என்று அது சொல்லாது. அதைச் சொன்னது அந்த நீல நோட்டு ஒன்றே.

மறுநாள் காலை அவளை அழைத்தோம். வேலையை விடு என்றோ, விடாதே என்றோ நாம் கூறவில்லை. "பதினோராம் பக்கத்தில் எழுதியதை உன் மேலதிகாரியிடம் சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டோம். "சொன்னால் வேலை போய்விடுமே, சாமி" என்றாள். போகாது என்று உறுதி கூற நம்மால் இயலவில்லை. உடனிருந்த தந்தைதான் பேசினார்:

"பையில் பணம் குறைந்தால், அன்றைக்கே எழுதிக் கட்டிவிட்டால் அது கணக்குப் பிழை, அம்மா. எழுதாமல் விட்டால் அதற்கு வேறு பெயர். இருபத்தொன்பது வருடத்தில் எத்தனையோ நாள் என் கையிலிருந்து கட்டியிருக்கிறேன். ஒரு நாளும் மறைத்ததில்லை. நீ போய்ச் சொல்."

அவள் சொன்னாள். மேலதிகாரியான பெண்மணி சிறிது நேரம் மௌனமாயிருந்தாராம். பிறகு, தினமும் காலையில் அரைமணி நேரம், அந்நிரலை ஒவ்வொரு வரியாகத் தமக்கு விளக்க வேண்டும் என்று பணித்தார். நான்காம் நாள், விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் நின்றுவிட்டாள். ஒரே பில்லின் பொருள்களை இருமுறையாகத் திருப்பித் தந்தால், தள்ளுபடி இருமுறை கழிக்கப்பட்டு, வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பணம் குறைந்துவிடும் என்பது அப்போது புலப்பட்டது. அந்நிரல் கடைகளுக்குச் செல்லுமுன் திருத்தப்பட்டது.

இதனால் எல்லாம் இனிதே முடிந்ததென்று எழுத நமக்கும் ஆசைதான். அவ்வாறு முடியவில்லை. பணி தாமதமாயிற்று. தகுதிகாண் பருவம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அந்த மூன்று மாதமும் பழைய சம்பளமே. வீட்டில் கடன் தவணை நெருக்கியது. தாயார் தம் வளையலை அடகு வைத்தார். "உண்மை சொன்னதற்கு இதுவா பலன்?" என்று உறவினர் கேட்டனர். ஆனால் அவள் வேலையை விடவில்லை. நீட்டித்த காலம் முடிந்தபின் பணி உறுதியாயிற்று. இன்று நோட்டு அறுபது பக்கங்களைக் கடந்துவிட்டது. அக்கருவியை இப்போதும் பயன்படுத்துகிறாள். ஆனால் விளக்க முடியாத வரியைத் தன் பெயரில் பதிவதில்லை என்பது அவள் தனக்கு வகுத்துக்கொண்ட விதி.

புதிய தொழில், பழைய பழக்கம்

சனிக்கிழமை தோறும் தன்னைத் தானே கேட்கும் இப்பழக்கம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. இரவு செபத்தில் ஆத்தும சோதனை செய்யப் பழகியவர்கள் நாம். 1548இல் அச்சேறிய தம் ஆன்மீகப் பயிற்சி நூலில், புனித இஞ்ஞாசியார் இதற்கென ஒரு கட்டமே வரைந்து காட்டியுள்ளார். வாரத்தின் ஏழு நாள்களுக்கும் கோடுகள். தான் திருத்திக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு குறையில் தவறிய போதெல்லாம் கோட்டின் மேல் ஒரு புள்ளி. பின்பு நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டு, முன்னேற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லாக் குறைகளையும் ஒரே வாரத்தில் களையச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றை எடு, எண்ணிப் பார், ஒப்பிடு. நம் பெண்ணின் நான்காம் பக்கத்துக் குறிக்கோளும் இதே வழியில் அமைந்ததன்றோ!

கற்றதை எழுதி வைக்கவும் மீண்டும் படிக்கவும் வேண்டியதன் காரணத்தை அறிவியலும் காட்டுகிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை மனனம் செய்து, மறதியைத் தம்மிடமே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வெகு வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்றும், இடைவெளி விட்டு மீண்டும் கற்றால் நினைவு நிலைக்கிறது என்றும் கண்டார். சனிக்கிழமை எழுதியதை அடுத்த சனிக்கிழமை படிப்பது, மறதியின் கையிலிருந்து கற்றதை மீட்கும் எளிய வழி.

அமெரிக்க ஆய்வாளர் தெரேசா அமபைல், 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேர் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்து, 2011இல் ஸ்டீவன் கிரேமருடன் இணைந்து நூலொன்றை எழுதினார். பணியாளரின் மனத்தை நல்ல நிலையில் வைப்பவற்றுள் முதன்மையானது, பொருளுள்ள வேலையில் சிறிதேனும் முன்னேறியிருக்கிறோம் என்னும் உணர்வே என்று அவர் கண்டார். ஆனால் அச்சிறு முன்னேற்றத்தை அன்றாட ஓட்டத்தில் நாம் மறந்துவிடுகிறோம். தோல்வி மட்டும் நெஞ்சில் தங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் "ஒன்றும் முடியவில்லை" என்று எழுதியவள், முப்பதாம் பக்கத்தில் நின்று அதைத் திரும்பிப் படித்தபோது சிரித்தாளாம்.

எவ்வாறு எழுதுவது?

புதிதாக இத்தொழிலில், ஏன், எத்தொழிலிலும் சேர்ந்துள்ள நம் இளைஞர்க்குச் சில சொற்கள். வாரத்தில் அரைமணி நேரம் போதும். ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டாம்.

முதலாவதாக, அவ்வாரம் விளங்கிய ஒன்றை, உங்கள் தாய்க்கும் புரியும் சொற்களில் எழுதுங்கள். தாய்க்குப் புரியுமாறு எழுத வரவில்லையெனில், அது இன்னும் உங்களுக்கே விளங்கவில்லை என்று கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஒரு பிழையை முழுமையாக எழுதுங்கள். என்ன நடந்தது, நான் என்ன நினைத்தேன், உண்மை என்னவாயிருந்தது என்னும் மூன்றும் அதில் இருக்கட்டும். "தவறு செய்துவிட்டேன்" என்பது வருத்தம்; அது மட்டும் பாடமாகாது.

மூன்றாவதாக, உதவி எங்கிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். நண்பர் சொன்னதா, நூலில் கண்டதா, கருவி எழுதியதா? கடன் வாங்கியதைக் கடன் என்று எழுதிவைப்பவனே அதை அடைக்கிறான்.

நான்காவதாக, அடுத்த வாரத்திற்குக் குறிக்கோள் ஒன்றே. முடிந்ததா இல்லையா என்று பிறரும் காணத்தக்கதாக அது இருக்கட்டும். சென்ற வாரக் குறிக்கோள் நிறைவேறாவிடில் மீண்டும் அப்படியே எழுதாமல், அதைச் சிறிதாக்கி எழுதுங்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிறுவனத்தின் இரகசியங்கள், வாடிக்கையாளரின் விவரங்கள், கடவுச்சொற்கள் ஆகியன உங்கள் நோட்டில் இடம்பெறக் கூடாது. நோட்டு உங்களைப் பற்றியது, பிறரைப் பற்றியதன்று.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளை கொடுத்தாலன்றி அந்நோட்டைத் திறவாதீர்கள். பிறர் படிப்பார் என்று தெரிந்தால், பேனா பொய் சொல்லத் தொடங்கும். "எப்போது சம்பளம் கூடும்?" என்று கேட்பதற்கு முன், "இந்த வாரம் என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். விடை புரியாவிட்டாலும் பொறுமையுடன் கேளுங்கள். புரியும் இடமும் ஒருநாள் வரும். வேபில் எழுதிய தந்தைக்கு வந்தது போல.

சில நாள்களுக்கு முன் அப்பெரியவர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். சனிக்கிழமை மாலை. மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். திண்ணையின் ஒரு மூலையில் அமர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மறு மூலையில் தந்தை, பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில், அன்றைய பால், காய்கறி, மருந்துச் செலவுகளையும், வளையலுக்குரிய அடகுப் பணத்தில் கடைசித் தவணை கட்டியதையும் எழுதிக்கொண்டிருந்தார்.

இருவருமே நம்மைப் பார்த்ததும் எழ முயன்றனர். "எழுதி முடியுங்கள், காத்திருக்கிறேன்" என்று சொல்லித் திண்ணையில் அமர்ந்தோம்.